படியில் தண்ணீர் ஊற்றுகிறவர்

முதல் வாளியை மேல் படியில் ஊற்றுவார். அது வழிந்து கீழ்ப் படிக்கு வந்து சேருமுன் இரண்டாவது வாளி. விளக்குமாற்றுக்கு அங்கே வேலை கிடையாது. கழுவுவது நோக்கமில்லை, நனைப்பதுதான் நோக்கம். ஞாயிற்றுக்கிழமை பொழுது கிளம்பும் நேரத்தில் பூமரத்துப்பட்டிக் கோயில் மேட்டுக்கு யார் போனாலும் பிலிப்பை இந்தக் கோலத்தில்தான் பார்க்க முடியும். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் வெள்ளைத் துண்டு போட்டு, நெல் நாற்றுக்குத் தண்ணீர் கட்டுகிறவர் மாதிரி கருங்கல் படிகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார்.

"ஈரத்துல எவன் உக்காருவான்? உக்காந்தா டவுசர் நனையும், எந்திரிச்சுப் போயிருவான்" என்பார், கேட்காதவர்களிடமும்.

அவர் துரத்துவது ஆடு மாடுகளை அல்ல, இளவட்டங்களை. மலைமேல், எடப்புளி நாடு என்கிற ஊர்த் தொகுதியில், அந்தச் சிற்றூருக்குக் கைப்பேசி டவர் எடுக்கிற இடம் அந்த மேடு ஒன்றுதான். வீட்டுக்குள் வைத்தால் போனும் ஒன்று, செங்கல்லும் ஒன்று. கோயில் படியில் உட்கார்ந்தால் நாலு கோடும் நிமிர்ந்து நிற்கும். விடிந்தால் போதும், பையன்கள் வந்து வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவன் சினிமா பார்ப்பான், ஒருவன் துப்பாக்கி சுடுவான், ஒருவன் யாரிடமோ குழைந்து பேசுவான். ஆராதனைக்கு வருகிற வயசாளிகள் அவர்களுடைய முட்டிகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பிலிப் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், அப்புறம் வாளியைத் தூக்கினார்.

பிலிப் என்று கேட்டால் மலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. கரண்ட்டுக்காரர் என்று கேட்டால் நாய்கூட வீட்டைக் காட்டும். ராசிபுரம் பக்கத்துக்காரர். லைன்மேன் வேலையில் மலைக்கு மாற்றலாகி வந்தபோது மீசை கறுப்பு, இப்போது புருவம்கூட வெளுப்பு. கீழே மாற்றல் வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பேர் மறப்பார், மின் கம்பத்தை மறக்க மாட்டார். "நீ வளைஞ்ச போஸ்ட்டு ஊட்டுப் பையன்தான? உன்ற அக்காளை அந்த டிரான்ஸ்பார்மர் ஊட்டுலதான கட்டிக் குடுத்தாங்க?" என்றுதான் உறவுமுறை விசாரிப்பார். எதைக் காட்டுவதானாலும் விரல் நீளாது, கையிலிருக்கும் கட்டிங் பிளேயர் நீளும். சம்சாரம் வேலம்மாள், அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரலில்தான் புருஷனிடமும் பேசுவாள்.

கோயில் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். கல் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு பலா மரம். மணி கிடையாது. பலாக் கிளையில் லாரியின் பிரேக் டிரம் ஒன்று தொங்குகிறது. மலை இறங்கும்போது பிரேக் விட்டுப்போன லாரியினுடையது அது. உயிர் தப்பிய டிரைவர் காணிக்கையாகத் தொங்கவிட்டுப் போனாராம். பிலிப் ஒரு நீள போல்ட்டால் அதை அடித்தால் மூன்று ஊருக்குக் கேட்கும். கேட்டுத்தான் என்ன, வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போதகர் அடிவாரத்திலிருந்து மாதம் ஒரு தரம்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிலிப்தான் வேதம் வாசிப்பார். மழைக்காலத்தில் சில வாரம் அவர் பிரசங்கி, வேலம்மாள் சபை. ரெண்டு வரி கூடுதலாக வாசித்துவிட்டால், "உலை கொதிச்சிருக்கும், ஆமென் சொல்லுங்க" என்று சபை எழுந்துவிடும்.

இடையில் ஒரு தரம் கூட்டம் வந்தது. எங்கிருந்தோ வந்த சிலர் கிரிக்கெட் மட்டையும் பந்தும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஆட்டம். பிலிப் வானத்துக்கும் பூமிக்குமாகத் துள்ளினார். சந்தை கூடுகிற சோளக்காடு வரைக்கும் போய், வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னார். ஒரு ஞாயிறு மட்டை ஒடிந்தது. அடுத்த ஞாயிறு உள்ளே பல்லி மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அவர் மனசில் ஒரு பூட்டு விழுந்தது. இளசுகள் சந்தோஷமாக வந்தால், எதற்கு வருகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும் என்கிற பூட்டு.

அந்தப் பூட்டோடுதான் அவர் நந்தகுமாரைப் பார்த்தார்.

நந்தகுமாருடைய அம்மாவைப் பெற்ற அம்மாயி பாவாயி, அந்தக் கோயில் சுவர் எழும்பியபோது தலையில் மண் சுமந்தவள். ஞானஸ்நானத்தில் வேறு பேர் வைத்தும் சாகிற வரைக்கும் பாவாயி என்றேதான் அழைக்கப்பட்டாள். அவளுடைய மகள்கள் பக்கத்துப் பைல் நாட்டில் வாழ்க்கைப்பட்டு, போன இடத்துச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. பேரன் கோயமுத்தூரில் படித்துவிட்டு அம்மாயி வீட்டுக்கே திரும்பினான். போன கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு ஞாயிறு, படியில் போனோடு உட்கார்ந்திருந்தவன், மழை பிடித்ததும் உள்ளே வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தான்.

மழை விட்டால் போய்விடுவான் என்று பிலிப் நினைத்தார். பாதி ஆராதனையில் மழை விட்டது. பையன் எழவில்லை. முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஜெபம் பண்றப்பக் கண்ணை மூடோணும்னு எங்க எழுதியிருக்குதுங்க?"

பிலிப் திகைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கோயிலுக்குள் யாரும் எதையும் கேட்டதில்லை, எத்தனை மணிக்கு முடியும் என்பதைத் தவிர.

"எழுதியிருக்குதா என்னன்னு தெரியாதுடா. போஸ்ட்டு மேல நிக்கறப்ப நான் மூடறதில்ல. மூடினா நேரா அவருகிட்டயே போய்ச் சேந்துருவேன்."

பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். காலேஜ் விடுதியில் நாலைந்து பேர் கூடி ஜெபிப்பார்களாம். "சுண்டல் குடுப்பாங்கன்னுதான் போனேனுங்க மாமா. மாட்டிக்கிட்டேன்."

அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டி வந்தான். அதற்கடுத்த வாரம் பெண்பிள்ளைகளும் வந்தார்கள். அதில் ஒருத்தி வளர்மதி, நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறவள். டீக்கடைச் சின்னராசுவின் மச்சினன் மகள். சின்னராசு வீட்டார் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள். மச்சினன் வீடு பழைய சபைக் குடும்பம், ஆனால் கோயில் வாசல் மிதித்துக் காலம் ஆகியிருந்தது. மகள் முதலில் வந்தாள், பின்னாலேயே தாயையும் இழுத்து வந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலம் பிறந்தபோது பாய் போதவில்லை. என்ன கூச்சல், என்ன விவாதம்! மன்னிப்பு என்றால் எத்தனை தரம், பணக்காரன் மோட்சம் போவானா, செத்துப்போன அம்மாயிக்கு நந்தகுமார் இங்கே பாடுவது கேட்குமா என்று பிலிப்பைக் குடைந்து எடுத்தார்கள். தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததைப் போதகர் தலையில் கட்டினார். மாதம் ஒரு தரம் வந்துகொண்டிருந்த போதகர் இவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லவே இரண்டு தரம் மலையேற வேண்டியதாயிற்று. காலிப் பெயின்ட் டப்பா தப்பட்டை ஆனது. பாட்டு தகரக் கூரையைத் தூக்கியது.

வளர்மதி ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். வாசல் ஓரத்தில் பலாப்பழக் கூடை ஒன்று வைத்து, உள்ளே வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டு வர வேண்டும் என்றாள். பிலிப்புக்கு விளங்கவில்லை.

"உள்ளதான் டவரே எடுக்காதே கண்ணு. கூடையில எதுக்குப் போடோணும்?"

"எடுக்கலைன்னாலும் கை போகுதுங்க மாமா."

அந்தப் பதிலை அவர் வாரம் முழுக்க மென்றுகொண்டிருந்தார். சோளக்காட்டுச் சந்தையில் நாலு பாய் வாங்கினார். கம்பத்தின் உச்சியில் நின்று பாடினார். கீழே நின்று பார்த்த சின்னராசு, "என்னங்க லைன்மேன், கரண்டு கம்பியில பாயறத உட்டுப்போட்டு உங்களுக்குள்ள பாயுதாட்ட இருக்குது" என்று கேலி செய்தார். பிலிப் அதைக் கேட்டும் சிரித்தார். ஆனால் ஞாயிறு விடிந்தால் வாளி மட்டும் நிற்கவில்லை.

"ஏனுங்க, புள்ளைங்கதான் உள்ள வந்துட்டாங்களே, இன்னும் எதுக்குத் தண்ணி?" என்றாள் வேலம்மாள்.

"உள்ள வர்றதே இந்தத் தண்ணிக்குப் பயந்துதான். முடிஞ்சதும் பாரு, படி காஞ்சுதா இல்லியான்னு தொட்டுப் பாத்து உக்காந்து போனை எடுத்துக்கறானுங்க. டவருக்கு வந்த கூட்டம் புள்ள இது. மட்டைக்கு வந்த மாதிரி."

"உங்களுக்கு நல்லது நடந்தா காச்சல் வந்துரும்" என்று அவள் முறத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம், சின்னராசுவின் காட்டு ஓரத்தில், போன் கம்பெனிக்காரர்கள் புது டவர் நட்டார்கள். சிவப்பும் வெள்ளையுமாக நின்றது. கம்பம் ஊன்றியாயிற்று, கம்பி இழுத்தாயிற்று. கம்பத்தில் ஏறி டவருக்குக் கடைசிக் கரண்ட் இணைப்பைக் கொடுக்க வேண்டியவர் பிலிப். கொடுத்தால் வீட்டுக்கு வீடு டவர் எடுக்கும். எடுத்தால் எவன் மேடு ஏறுவான்? இந்த ஒரு கேள்வி அவருக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. இன்றைக்கு ஈரம் என்றார். நாளைக்குப் பைல் நாட்டில் லைன் பழுது என்றார். மறுநாள் இடுப்புக் கயிறு சரியில்லை என்றார். ஈஸ்டர் மட்டும் கழியட்டும், அந்த ஒரு காலையாவது கோயில் நிறைந்து பார்த்துவிடலாம் என்பது உள்கணக்கு.

சின்னராசு சும்மா விடுவாரா? "ஏனுங்க லைன்மேன், உங்க சாமிக்கு எங்க டவர் மேல பொறாமைங்களா? நேருல சொன்னா ஒரு தேங்கா உடைச்சுச் சமாதானம் பண்ணிப் போடலாமுங்க." கடையே சிரித்தது. பிலிப் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு அன்று அவர் இரண்டாவது வாளியை ஊற்றி நிமிர்கையில், மேட்டில் யாரோ மூச்சிரைக்க ஓடி வருகிற சத்தம். வளர்மதி. பக்கத்து வீட்டு நாகலட்சுமிக்குப் பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட மேட்டுக்குத்தான் வர வேண்டும். ஓடி வந்த வேகத்தில் ஈரப் படியில் கால் வைத்தாள். சறுக்கி, முட்டி கல்லில் மோதி, போன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"ஐயோ சாமி" என்று பிலிப் வாளியோடு ஓடினார்.

"இருங்க மாமா, மொதல்ல பேசிக்கறேன்" என்று அவள் தவழ்ந்து போய்ப் போனை எடுத்தாள். முட்டியில் ரத்தம் வழிய வழிய, ஊர் பேர், வழி, வலி எடுத்த நேரம் எல்லாம் தெளிவாகச் சொன்னாள். வண்டி வந்தது. நாகலட்சுமிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று ஆராதனை முடிவதற்குள் சேதி வந்துவிட்டது. வளர்மதி வீட்டுக்குப் போகவில்லை. முட்டியில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, கையில் குருத்தோலையோடு பவனியில் விந்தி விந்தி நடந்தாள். பிலிப் அவள் பக்கத்தில் தலை நிமிராமல் நடந்தார்.

"டவர் மட்டும் வந்திருந்தா ஊட்டுல இருந்தே கூப்பிட்டிருப்பேனுங்க மாமா" என்றாள். இவர்தான் தள்ளிப்போடுகிறார் என்று, வாரமெல்லாம் நாமக்கல்லில் இருக்கிற அவளுக்குத் தெரியாது. தெரிந்து திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

மறுநாள் காலையில் பிலிப்பே கம்பெனிக்காரர்களுக்குப் போன் போட்டார். அவர்கள் வந்து தங்கள் வேலையை முடித்து, சனிக்கிழமை உச்சிப்பொழுதில் கையசைத்தார்கள். பிலிப் ஏறினார். ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. உச்சியில் இடுப்புக் கயிற்றை மாட்டி, வழக்கப்படி கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார். ‘ஆண்டவரே, டவருக்கு வந்த புள்ளைங்களா இருந்தா போகட்டும். எனக்கு வேலம்மா ஒருத்தி போதும். ஆனா...’ இணைப்பைக் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு வீட்டுக்குள்ளிருந்து டிங் என்றது. அடுத்த வீட்டில் டிங் டிங். ஓட்டு வீடு, தகர வீடு, மாட்டுக் கொட்டகை என்று மூலைக்கு மூலை போன்கள் கூவ ஆரம்பித்தன, விடியலில் சேவல்கள் ஒன்றைக் கேட்டு ஒன்று கூவுகிற மாதிரி. சனங்கள் சிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கம்பத்தின் மேலேயே பிலிப்பின் சட்டைப் பையும் அலறியது.

"ஏனுங்க, சின்னராசு பேசறேனுங்க. டீ குடிக்க வாரீங்களா?"

கீழே பார்த்தார். கம்பத்தடியில் நின்றபடி சின்னராசு போனைக் காதில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பிலிப்புக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது. எது எதற்கு என்று அவருக்கே தெரியாது.

சாயங்காலம் வீட்டில் சொன்னார், "நாளைக்கு ஒரு பாயி போதும் புள்ள."

"உங்க உசரத்துக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. மிச்சத்த நான் தூக்கிட்டு வாரேன்" என்றாள் வேலம்மாள்.

ஈஸ்டர் ஆராதனை விடியற் கருக்கலில். மேடு முழுக்கப் பனிமூட்டமாக மஞ்சு இறங்கி, பலா மரமே பாதிதான் தெரிந்தது. வளர்மதி விழுந்த நாளிலிருந்து வாளி மரத்தடியில் கவிழ்ந்தே கிடந்தது. ஆனாலும் மஞ்சு தன் வேலையைச் செய்திருந்தது, படிகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பிலிப் போல்ட்டை எடுத்து டிரம்மை அடித்தார். சத்தம் மஞ்சுக்குள் போய்க் கரைந்தது. காத்திருந்தார். யாருமில்லை. இன்னொரு தரம் அடித்தார்.

மேட்டின் அடியில் ஒரு வெளிச்சம் அசைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பாதை வளைவில் நாலு, எட்டு, அப்புறம் எண்ண முடியாத வரிசை. எல்லாம் போனில் எரிகிற டார்ச். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துப் பாதையிலும் ஒரு வரிசை ஏறி வந்தது. அந்தப் பக்கம் இருப்பது அடுத்த ஊர். இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? முன்னால் வந்த நந்தகுமார் மூச்சு வாங்கினான்.

"நேத்து டவர் வந்ததும் எல்லா ஊட்டுக்கும், அடுத்த ஊருக்கும் மெசேஜ் தட்டி உட்டேனுங்க மாமா. ‘நாலரைக்குக் கோயில் மேடு’ன்னு. இத்தன நாளு ஊடு ஊடாப் போய்ச் சொல்லோணும். இப்ப ஒரே தட்டு."

பிலிப் ஒதுங்கி வாசலுக்கு வழி விட்டார்.

கூடை நிரம்பி வழிந்தது. வேலம்மாள் முறத்தை நீட்டினாள், அதுவும் நிரம்பியது. பாய்கள் நிரம்பின. பாட்டு எழும்பியது. அப்போது கூடைக்குள்ளிருந்து விர்ர் என்றது ஒரு போன். அதையடுத்து இன்னொன்று. இதுவரை ஊமையாக இருந்த கல் சுவருக்குள்ளும் புது டவர் நுழைந்துவிட்டது. அடிவாரத்திலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் வாழ்த்துகள் வந்து வந்து விழ, கூடை தேன்கூடு மாதிரி ரீங்காரித்தது. பிலிப் வாசலில் நின்றார். ஒரு கை நீளும், ஒரு தலையாவது திரும்பும் என்று பார்த்தார். வளர்மதி பாடிக்கொண்டே, கட்டுப் போட்ட காலால் கூடையை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டாள். வேறு யாரும் அசையவில்லை.

இடம் கிடைக்காமல் பத்துப் பதினைந்து பேர் வெளியே மஞ்சில் நின்றபடியே பாடினார்கள். எல்லாம் அந்த முட்டிகள்தான், அவர் வருஷக்கணக்காக விரட்டிய முட்டிகள். உட்கார இடம் தேடி ஒருவன் படியைத் தொட்டுப் பார்த்தான். ஈரம். கையை எடுத்துக்கொண்டு, பழக்கப்பட்டவனாக, விலகி நின்றான்.

பிலிப் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். குனிந்து மேல் படியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துடைத்தார். துண்டைப் பிழிந்தார். அடுத்த படிக்கு இறங்கினார்.